செவ்வாய் வீட்டுக்கு ஜன்னல் எதற்கு?

செவ்வாயின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் என்று படித்தவுடன், அங்கே குடியேறுவோருக்குப் பெரிய எதிரி குளிர்தான் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். அங்குள்ள காற்றழுத்தம் பூமியின் கடல்மட்ட அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆகவே அந்த மெலிந்த கார்பன் டை ஆக்சைடு காற்று எவ்வளவு விரைந்து வீசினாலும், சுவரிலிருந்து அள்ளிச் செல்லும் வெப்பம் சொற்பமே. கட்டடம் முதன்மையாக வெப்பத்தை இழப்பது வானத்தை நோக்கி அது வீசும் அகச்சிவப்புக் கதிர்களால்தான்.

அந்த இழப்பைத் தடுக்க வழி தெரியும். 1997இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தியின் மின்னணுப் பெட்டியைச் சிலிக்கா ஏரோஜெல் என்ற, பெரும்பகுதி வெற்றிடமாகவே உள்ள இலேசான திண்மம் காத்தது. வாழிடத்தையும் இப்படிப் போர்த்திவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு வீடு ஒரு பிளாஸ்க் போல ஆகிவிடும். உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியிராது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை விடுகிறார். கணினி, பம்பு, விளக்கு, ஆக்சிஜன் தயாரிக்கும் கருவி என எதற்குச் செலவழித்தாலும், வீட்டுக்குள் வரும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது. 20 கிலோவாட்டில் இயங்கும் குடில் என்று வைத்துக்கொண்டால், அதே 20 கிலோவாட்டை இடைவிடாமல் வெளியேற்றியாக வேண்டும்.

பன்னாட்டு விண்வெளி நிலையம் இதைத்தான் செய்கிறது. உள்ளே தண்ணீர்க் குழாய்கள் சூட்டைச் சேகரிக்கின்றன. வெளியே எளிதில் உறையாத அம்மோனியா அதை வாங்கிச் சென்று பெரிய ரேடியேட்டர் தகடுகள் வழியாக விண்வெளிக்குக் கதிராக விடுகிறது. செவ்வாயில் இந்தத் தகடுகளில் தூசியும் படியும். படிந்த தூசி பகல் வெயிலை உறிஞ்சித் தகட்டையே சூடாக்கும்.

வெளிச்சத்தின் கதை இன்னும் சிக்கலானது. செவ்வாயை எட்டும் சூரிய ஆற்றல் சதுர மீட்டருக்குச் சராசரியாக 590 வாட். பூமிக்கு வருவது 1,361. கண்ணுக்குச் செவ்வாயின் வெயிலே தாராளமான வெளிச்சம்தான். ஆனால் கூரையில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி பதித்தால், இரவு பகலைச் சேர்த்துச் சராசரி பார்க்கையில் நிலநடுக்கோட்டில்கூட 200 வாட் கிடைக்காது. 20 டிகிரியில் இருக்கும் சாதாரணக் கண்ணாடியோ ஏறத்தாழ 370 வாட்டை வெளியே வீசுகிறது. வானம் திருப்பித் தரும் சிறு பங்கைக் கழித்தாலும் கணக்கு நட்டத்தில்தான் நிற்கும். அடுக்குக் கண்ணாடியும் மெல்லிய உலோகப் பூச்சும் இந்த இழப்பைப் பெரிதும் குறைக்கும். எனினும் விண்வெளிக் கதிர்வீச்சை அவை தடுக்கமாட்டா. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்த் தரையில் அளந்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.67 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதற்கு அஞ்சி மண்ணைக் குவித்து மூடினால் ஜன்னல் போய்விடும்.

வெளிச்சம், கதிர்வீச்சுத் தடுப்பு இரண்டையும் சமாளிக்க முயன்ற யோசனைகளுள் பனிக்கட்டி வீடு எனக்குப் பிடித்தமானது. 2015இல் நாசா நடத்திய வடிவமைப்புப் போட்டியில் முதல் பரிசு பெற்ற அந்தத் திட்டத்தில், உறைந்த நீரே சுவர்: ஒளியை விடும், கதிர்வீச்சை ஓரளவு தடுக்கும். அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் பனி நேரடியாக ஆவியாகும் என்பதால் அதன் மேல் ஒளி ஊடுருவும் உறையும் தேவை. பயிர்களுக்கு வேறொரு வழி உண்டு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏரோஜெல் கூரை ஒளியை விட்டு, புற ஊதாவைத் தடுத்து, அடியிலுள்ள மண்ணை உறைநிலைக்கு மேலே வைத்திருக்கும் என்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனாலும் வெயிலை மட்டும் நம்பி இருக்க முடியாது. 2018ஆம் ஆண்டின் தூசிப் புயல் வானத்தை மறைத்தபோது ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியின் சூரியத் தகடுகள் ஏறக்குறைய செயலற்றுப் போயின. அது திரும்ப எழவே இல்லை. ஆகவே எல்.இ.டி. விளக்குகள் கட்டாயம். செவ்வாய் நாள் நம்முடையதைவிட ஏறத்தாழ 40 நிமிடம் நீளமானது என்பதால், உடற்கடிகாரத்தை ஒத்துழைக்கவைக்கவும் அவை உதவும்: காலையில் நீலம் மிகுந்த ஒளி, உறங்கும் முன் மஞ்சள் சாயல்.

பயிர் விளக்குகளை எப்போது எரிப்பது என்பதில் ஒரு வசதி உண்டு. பகலில் மனிதர்களும் கருவிகளும் தரும் சூடே மிகுதி. அணு உலையிலிருந்து மின்சாரம் வருவதானால், அவ்விளக்குகளை இரவுக்கு மாற்றலாம்; வெளியே உறைநிலைக்குக் கீழே 80 டிகிரி குளிர் நிலவும் அந்நேரத்தில் பயிர் வளர்க்கும் ஒளியே வீட்டைச் சூடேற்றும் அடுப்பாகவும் இருக்கும்.