பால்மாவும் ஒரு மணிநேர விளையாட்டும்

ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை ஆய்வாளர்கள் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோரும் 9 முதல் 24 மாதத்துக்குள். ஒரு குழுவுக்கு வாரம் 1 கிலோ பால்மா. இன்னொரு குழுவின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணிநேரம் போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு எதுவும் இல்லை. இது 2 வருடம் நடந்தது. அந்தப் பிள்ளைகள் 22 வயதை எட்டியபோது, விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் அதிகம். பால்மா மட்டும் பெற்றவர்களிடம் அந்த உயர்வு இல்லை. உணவு முக்கியம்தான், ஆனால் அது தனியே போதாது.

கொழும்பு கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் சின்ன அறையிலும் இப்படி விளையாடலாம். வெறும் பிளாஸ்டிக் போத்தலும் நாலு மூடியும் போதும். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதை நீங்களும் பாருங்கள், பெயர் சொல்லுங்கள். பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். பிள்ளை சத்தமிடும், கையை நீட்டும். உடனே பதில் கொடுங்கள். பலரும் பிழைவிடுவது அந்த இடைவெளியில்தான்: கேள்வி கேட்டுவிட்டுத் தாங்களே பதிலும் சொல்லிவிடுவார்கள், அல்லது கண் போனுக்குப் போய்விடும். மூளையில் திரும்பத் திரும்பப் பயன்படும் நரம்பு இணைப்புகள் உறுதிப்படும், பயன்படாதவை கழிந்துபோகும். பதில் வராத பிள்ளைக்கு இழப்பு அங்கேதான்.

பயந்த பிள்ளையின் உடலில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் ஏறும். நம்பிக்கையான பெரியவர் தூக்கி அணைத்தால் இறங்கும். யாரும் வராமல் அது நீண்டகாலம் உயர்ந்தே இருந்தால் நினைவாற்றல், தூக்கம், நோயெதிர்ப்பு எல்லாம் பாதிக்கும். கடன், நெருக்கடி, இரவு வேலை என்று களைத்த தாயால் தனியே இதைத் தாங்க முடியாது. அவளுக்குக் கைகொடுக்க ஒரு அம்மம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ இருப்பதும் பிள்ளையின் வளர்ச்சிக்கான ஏற்பாடுதான்.

பதின்ம வயதில் பெரியவர்களின் அந்த இடத்தைக் கூட்டாளிகள் பிடிக்கிறார்கள். ஆய்வுகூடத்துக் கார் ஓட்டும் விளையாட்டில், நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்ம வயதினர் கூடுதலாகத் துணிந்தார்கள்; வயதுவந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

முதுமையில் தனிமையும் காது மந்தமும் மறதிநோய்க்கான ஆபத்தைக் கூட்டுகின்றன. இரண்டும் கோர்த்தே வரும்: கேட்காதவர் பேச்சிலிருந்து மெல்ல விலகுவார், வீட்டார் அதை முதுமையின் சுபாவம் என்று விட்டுவிடுவார்கள். வெள்ளவத்தை வீட்டில் தாத்தா டீவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று வைத்தியரிடம் காட்டுங்கள். அது இல்லையென்றால் கேட்டல் பரிசோதனை செய்வியுங்கள்.