மேக்கோவைக் கப்பல் தளத்தில் ஏற்றாதீர்கள்

நெடுந்தூண்டில் கப்பல்களில் என்ன பிடிபடுகிறது, அதில் எது கடலுக்குத் திரும்பிப் போகிறது என்று எழுதிவைப்பது என் வேலை. பல கிலோமீட்டர் நீளக் கயிறு, அதில் நூற்றுக்கணக்கில் தூண்டில்கள். சூரைக்கும் வாள்மீனுக்கும் போட்டதில் சுறாவும் மாட்டும்.

ஒரு பயணத்தில் மேக்கோ என்னும் சுறா ஒன்று உயிரோடு வந்தது. தூண்டிலைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கொக்கியால் குத்தித் தளத்தில் ஏற்றினார்கள். தூண்டில் கிடைத்தது. சுறாவைக் கடலில் தள்ளியபோது அது நீந்தவில்லை, அப்படியே மூழ்கியது. "நாங்கள் விட்டுவிட்டோமே" என்றார் கப்பல் தலைவர். பிடிபட்ட மேக்கோவை விட்டுவிட வேண்டும் என்ற விதிப்படி அவர் சொன்னது சரி. என் பதிவேட்டில் அதைச் 'செத்தது' என்றுதான் எழுதினேன்.

மேக்கோ, பெரும் வெள்ளைச் சுறா, போர்பீகிள், சால்மன் சுறா எல்லாம் ஒரே குடும்பம். மேக்கோவில் குட்டைத் துடுப்பு, நெடுந்துடுப்பு என்று இரண்டு வகை உண்டு. ஆக மொத்தம் ஐந்து இனங்கள்தான். பிறை போன்ற வால், அதன் அடியில் இருபுறமும் புடைத்த விளிம்பு, கூர்மூக்கு ஆகியவற்றை வைத்துக் குடும்பத்தைக் கண்டுகொள்ளலாம். மேக்கோ வாயை மூடினாலும் கொக்கி மாதிரியான பற்கள் வெளியே தெரியும். வெள்ளைச் சுறாவின் பல் முக்கோணம், ஓரம் ரம்பம். நெடுந்துடுப்பு மேக்கோவின் மூக்கடி கறுத்திருக்கும், மற்றதற்கு வெள்ளை. புதிதாக வேலைக்கு வருபவர்கள் நீலச் சுறாவையே மேக்கோ என்று எழுதிவிடுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

நீலச் சுறா தூண்டிலில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மேக்கோவுக்கு அது கடினம். காரணம் அதன் உடம்பில் இருக்கிறது. பெரும்பாலான மீன்களுக்கு உடல் வெப்பம் கடல்நீரின் வெப்பம்தான். இந்தக் குடும்பத்தில் நீந்தும் சிவப்புத் தசை முதுகுத்தண்டை ஒட்டி உள்ளே இருக்கிறது. அங்கிருந்து திரும்பும் சூடான ரத்தம், செவுளிலிருந்து வரும் குளிர்ந்த ரத்தத்தை உரசிக்கொண்டு ஓடும் நுண்குழாய்ப் பின்னலில் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது. சூடு வெளியே தப்புவதில்லை. வட பசிபிக்கின் குளிர்நீரில் வாழும் சால்மன் சுறாவின் உடல், சுற்றியுள்ள நீரைவிட 15 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக இருக்கக்கூடும். வேடிக்கை என்னவென்றால், இதயம் மட்டும் குளிர்ந்த ரத்தத்தில்தான் துடிக்கிறது. சூரைக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடு உண்டு, அது பரிணாமத்தில் தனியாக வந்து சேர்ந்தது.

இந்தச் சூட்டுக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். மேக்கோவால் ஓரிடத்தில் கிடந்து செவுளுக்கு நீரை உறிஞ்ச முடியாது. வாயைத் திறந்தபடி முன்னே போய்க்கொண்டே இருக்க வேண்டும். தூண்டில் கயிறு உடம்பில் சுற்றிக்கொண்டால் மூச்சு நின்றுபோகும். தளத்தில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அப்படித்தான். வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது இன்னும் மோசம். எலும்பில்லாத குருத்தெலும்பு உடல், உள்ளுறுப்புகளைத் தாங்காது.

"இவ்வளவு பெரியது, இன்னும் குட்டியா?" என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2 மீட்டர் பெண் மேக்கோ குட்டிதான். பருவமடையும்போது அது 3 மீட்டரை நெருங்கியிருக்கும். வட அட்லாண்டிக்கில் அதற்கு 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கரு வயிற்றில் 15 முதல் 18 மாதம் இருக்கும், தாய் விடும் கருவுறாத முட்டைகளைத் தின்று வளரும். ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டு. தூண்டிலில் வரும் பெண் மேக்கோக்களில் பெரும்பாலானவை ஒருமுறைகூட ஈனாதவை.

போர்பீகிளுக்கு நடந்தது பழைய கதை. வடமேற்கு அட்லாண்டிக்கில் 1961இல் பெரிய அளவில் பிடிக்கத் தொடங்கினார்கள், 1967க்குள் அந்த மீன்பிடிப்பே சரிந்துவிட்டது. 2019இல் இரண்டு மேக்கோக்களும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. வட அட்லாண்டிக்கில் குட்டைத் துடுப்பு மேக்கோவைக் கப்பலில் வைத்துக்கொள்ள 2022 முதல் தடை. அங்கே அதன் எண்ணிக்கையை மீட்க வைத்திருக்கும் இலக்கு ஆண்டு 2070! தடை வந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 48.

உண்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீண்ட நாள் வாழ்ந்து பெரிய மீன்களைத் தின்னும் சுறாவின் இறைச்சியில் பாதரசம் சேர்கிறது, சமைத்தாலும் போகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம்.

தூண்டில் போடுபவர்களிடம், பொழுதுபோக்குக்குப் போடுபவர்களிடமும், நான் கேட்பது சிறியது. சுறாவை நீரிலேயே வைத்திருங்கள். கொக்கியால் குத்தாதீர்கள். நீண்ட கைப்பிடிக் கத்தியால் தூண்டிலுக்கு முடிந்தவரை நெருக்கமாகக் கயிற்றை அறுங்கள். மீதிக் கயிறு நீளமாக இழுபட்டால் அது செவுளில் சுற்றும். தூண்டிலை மறந்துவிடுங்கள். துடிப்போடு விடப்பட்ட மேக்கோக்களில் பெரும்பாலானவை பிழைப்பதை, அவற்றின் உடலில் மாட்டிவிட்ட, செயற்கைக்கோள் வழியே தகவல் அனுப்பும் பட்டைகள் காட்டியிருக்கின்றன.

வேறொரு கப்பலில் இப்படி ஒன்றை விட்டார்கள். வந்தது முதல் போனது வரை ஒரு நிமிடம்கூட இருக்காது. ஏறக்குறைய 2 மீட்டர் என்று கண்ணளவில் எழுதினேன். ஆணா பெண்ணா என்று இடுப்புத் துடுப்பைப் பார்ப்பதற்குள் போய்விட்டது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.