பேரலை மாற்றும் முன் குண்டைப் பாருங்கள்: பெயின்ட்பாலில் குறி ஏன் தவறுகிறது?

‘நல்ல பேரல் ஒன்று வாங்கிப் போட்டால் குறி சரியாகிவிடுமா?’ பெயின்ட்பால் ஆட்டத்தில் எதிராளிமேல் சாயக் குண்டு சுடும் துப்பாக்கியான மார்க்கரைச் சர்வீஸுக்குக் கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஆகாது. கோளாறு குண்டில் இருக்கும், அல்லது ஒவ்வொரு சுடலுக்கும் மாறுகிற வேகத்தில் இருக்கும். குண்டு வெளியேறும் குழலான பேரலின் முறை அதற்குப் பிறகுதான்.

வழக்கமான குண்டின் விட்டம் 0.68 அங்குலம், எடை சுமார் 3 கிராம். ஜெலட்டின் தோல், உள்ளே பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த சாயம். தோலின் இரு பாதிகள் சேரும் இடத்தில், கிரிக்கெட் பந்துக்குத் தையல் இருப்பதுபோல, ஒரு விளிம்பு ஓடும். விநாடிக்கு 90 மீட்டர் வேகத்தில் இந்த உருண்டை பறக்கும்போது அதன் பின்னால் காற்றுச் சுழல்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறிப் பிரிந்து குண்டை இழுக்கும். எந்தப் பேரலாலும் இதைத் தடுக்க முடியாது. உள்ளே இருப்பது திரவம் என்பதால், துப்பாக்கிக் குழல்போல உள்ளே முறுக்குவரி வெட்டிய பேரலிலும் பெரிய பலன் இல்லை. 20 மீட்டரில் பத்துக் குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்தால் அந்த மார்க்கரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குண்டைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். பையிலிருந்து பத்து எடுத்து, சமமான கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக உருட்டுங்கள். தள்ளாடி உருண்டால் வட்டம் கெட்டுவிட்டது. விளிம்பு தடித்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு தலை உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போடுங்கள். போட்டித் தரக் குண்டு முதல் அல்லது இரண்டாம் விழுதலிலேயே உடையும். வாடகை மைதானக் குண்டின் தோல் தடிமன், சில முறை தாங்கும். ரப்பர் பந்துபோலத் துள்ளிக்கொண்டே இருந்தால் ஈரம் குடித்திருக்கிறது என்று அர்த்தம். அது நேராகவும் போகாது, எதிராளிமேல் பட்டாலும் உடையாது.

சென்னை, சிங்கப்பூர், மலேசியா போன்ற புழுக்கமான ஊர்களில் இந்த ஈரம்தான் முதல் எதிரி. பையைத் திறந்த நிமிடத்திலிருந்து ஜெலட்டின் ஈரத்தை இழுக்கத் தொடங்கும். அந்தந்த ஆட்டத்துக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுத்து, மீதியைக் காற்றுப் புகாமல் மூடுங்கள். வியர்த்த கையால் அள்ளாதீர்கள். ஆட்டம் முடிந்ததும், மார்க்கருக்குக் குண்டு ஊட்டும் பெட்டியான ஹாப்பரில் மிச்சமிருப்பதை ‘நாளைக்கு ஆகும்’ என்று விட்டுவைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் தோல் இளகி, ஒரு பக்கம் தட்டையாகும். நீண்ட நாள் வைக்கும் பெட்டியை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும்.

குண்டு சரியாக இருந்தால்தான் பேரலின் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். பேரலைக் கழற்றி, மார்க்கரில் மாட்டும் முனையில் குண்டைப் போடுங்கள். தானாக உருண்டு மறுமுனையில் விழுந்தால் துளை பெரிது. அங்கேயே நின்று, வாயால் ஊதும்போது வெளியேறினால் பொருத்தம். ஊதியும் நகராவிட்டால் இறுக்கம். ஒரு குண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஒரே பையிலேயே அளவு மாறும். துளை பெரிதானால் காற்று பக்கவாட்டில் கசிந்து வேகம் ஏறி இறங்கும், இறுகினால் குண்டு உள்ளேயே உடையும். காலையில் பொருந்திய குண்டு மதியம் ஊதிப்போய் இறுகுவதும் உண்டு. அதனால் பல அளவு உள்குழல்கள் கொண்ட செட்டுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. நீளத்துக்குக் கொடுக்கும் காசைத்தான் அப்படிச் சொல்ல முடியாது. குண்டு வேகம் எடுப்பது முதல் 8 அங்குலம் வாக்கில், 14 அங்குலப் பேரலே தாராளம். முன்பக்கத் துளைகள் சத்தத்தைக் குறைக்கும், குறியைத் திருத்தாது.

அடுத்தது வேகம். பல மைதானங்கள் விநாடிக்கு 280 அடியில் நிறுத்தச் சொல்லும், 300 அடிக்கு மேல் எங்கும் விடக்கூடாது. 280க்கும் 300க்கும் இடையே வேகம் ஊசலாடினால், 30 மீட்டரில் குண்டு விழும் உயரம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் மாறும். வேகம் அளக்கும் கருவியான குரோனோவில் இரண்டு தடவை சுட்டுவிட்டு நகராதீர்கள். சில விநாடி இடைவெளியில் பத்துச் சுடுங்கள், எண்களை எழுதிக்கொள்ளுங்கள். வித்தியாசம் 10 அடிக்குள் இருந்தால் நல்லது.

அதன் பிறகு ஒரு நிமிடம் சும்மா வைத்திருந்து மறுபடி ஒன்று சுடுங்கள். அந்த முதல் குண்டு மட்டும் மெதுவாகப் போனால் குண்டைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட்டின் ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து ஒட்டுகிறது. கழற்றித் துடைத்து, அந்த மாடலுக்குச் சொல்லியிருக்கும் கிரீஸ் அல்லது எண்ணெயை மெல்லிசாகப் பூசினால் போதும். கையில் கிடைத்த துரு நீக்கி ஸ்ப்ரேயை அடித்தால் ஓ-ரிங் உப்பிவிடும். மாறாக, முதல் குண்டு வேகமாகப் போனால் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மெல்லக் கசிந்து அழுத்தத்தை ஏற்றுகிறது. இதை அலட்சியப்படுத்தவே கூடாது, அந்த மார்க்கரைச் சரிபார்க்காமல் மைதானத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்.

சிஓ2 (கார்பன் டை ஆக்ஸைடு) சிலிண்டர் வைத்திருப்பவர்களின் வேகம் நிலையாக நிற்காததற்கு அந்த வாயுவே காரணம். 20 டிகிரி செல்சியஸில் சிலிண்டருக்குள் அழுத்தம் சுமார் 830 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), பூஜ்ஜியத்தில் 500 வாக்கில். விடாமல் சுடும்போது சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். சாய்த்துப் பிடித்தால் சிலிண்டரில் இருக்கும் திரவ சிஓ2வே மார்க்கருக்குள் போய் வேகம் திடீரென எகிறும். அழுத்திய காற்றுச் சிலிண்டருக்கு மாறுங்கள். பேரலுக்கு ஒதுக்கிய பணத்தை இதில் போடுவதே எங்கள் சிபாரிசு.

‘கொஞ்சம் வேகத்தை ஏற்றிவிட்டால் நேராகப் போகும்’ என்று திருகாணியைத் திருப்புபவர்களுக்கு: 280ஐ 300 ஆக்கினாலே அடியின் வலு 15 சதவீதம் கூடும். முகத்தில் மாஸ்க் இல்லாத ஒருவரின் கண்ணைப் பறிக்க 280 அடியே அதிகம். குரோனோ மேடையிலும் மாஸ்க்கைக் கழற்றக்கூடாது, சுடாமல் நிற்கும்போது பேரல் உறை மாட்டியிருக்க வேண்டும்.

பேரலுக்குள் ஒரு குண்டு உடைந்துவிட்டால், பின்னால் வருபவை சாயத்தில் வழுக்கி, சுழன்று, வளைந்து போகும். ‘இன்னும் நாலு சுட்டால் தானாகச் சுத்தமாகிவிடும்’ என்பது குண்டுக்குக் கேடு. காற்றை நிறுத்தி, உள்ளே மிஞ்சியதை வெளியேற்றி, பேரலைக் கழற்றித் துடைப்பானை இழுங்கள். பிறகு காய்ந்த துணியால் ஒரு தடவை. அடிக்கடி உடைந்தால் ஹாப்பரைச் சந்தேகியுங்கள்: குண்டு முழுசாக இறங்குமுன் போல்ட் மூடி, அதை நறுக்குகிறது. சாதாரண ஹாப்பரில் விரலை வேகமாக ஓட்டினால் இது நடந்தே தீரும்.

இனி உடம்பு. சிலிண்டரின் அடி தோளில் பதியட்டும், முழங்கைகள் விலாவை ஒட்டட்டும். மாஸ்க் தடுப்பதால் கன்னத்தை மார்க்கரில் பதிக்க முடியாது, இரு கண்ணும் திறந்து பேரலின் மேல்விளிம்பு வழியே பாருங்கள். 20 மீட்டர் போக குண்டுக்குக் கிட்டத்தட்ட 0.28 விநாடி ஆகும், அதற்குள் சுமார் 35 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். விநாடிக்கு 5 மீட்டர் ஓடுபவர் அதே நேரத்தில் 1.4 மீட்டர் நகர்ந்திருப்பார். 30 மீட்டரில் 2 மீட்டருக்கும் மேல். ஓடுபவரைக் குறிவைத்தால் அவர் விட்டுப்போன இடத்தில்தான் சாயம் தெறிக்கும். எங்கே போகப்போகிறாரோ, அந்த மறைவின் விளிம்பில் சுட்டு வையுங்கள்.