பிட்ச்சரை மாற்றிய மேனேஜரும் உங்கள் பிள்ளையின் முழங்கையும்

2020 அக்டோபர் 27. அமெரிக்க பேஸ்பாலின் கோப்பைக்கான உலகத் தொடரில் ஆறாவது ஆட்டம். தோற்றால் கோப்பை போய்விடும் என்ற நிலையில் டாம்பா பே ரேஸ் அணி டாட்ஜர்ஸ் அணியை எதிர்த்து 1-0 என முன்னிலையில் இருந்தது. ரேஸின் பிட்ச்சர் (பந்து எறிபவர்) பிளேக் ஸ்னெல் 73 பந்துகள் எறிந்து 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார், அதாவது பந்தைச் சரியாக அடிக்கவிடாமலே வெளியேற்றியிருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் அடித்து முதல் தளத்தை எட்டினார், அவ்வளவுதான். ரேஸின் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) கெவின் கேஷ் நேராக வந்து ஸ்னெல்லிடமிருந்து பந்தை வாங்கி, மாற்று பிட்ச்சர் நிக் ஆண்டர்சனிடம் கொடுத்தார். டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் டபுள் அடித்து இரண்டாவது தளத்தை எட்டினார். ஒரு பந்து, பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சரைத் தாண்டி ஓட, பார்ன்ஸ் ரன் எடுத்தார். அப்புறம் பெட்ஸும் வந்து சேர்ந்தார். டாட்ஜர்ஸ் 3-1 என வென்று கோப்பையைத் தூக்கியது.

கேஷுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரே பிட்ச்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிப்பார்கள் என்பது பல வருடக் கணக்கு. ஆனால் அன்று டாட்ஜர்ஸின் பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் ஸ்னெல்லைச் சந்தித்த ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட். என்னைக் கேட்டால் கேஷ் செய்தது தவறு. அதைவிட, வெளியே போனவரைப் பற்றியே எல்லோரும் பேசியதுதான் எனக்கு உறுத்தல். உள்ளே வந்த ஆண்டர்சன் அந்த அக்டோபரில் ஆட்டத்துக்கு ஆட்டம் ரன் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த மார்ச்சில், அவருடைய வலது முழங்கைத் தசைநாரில் லேசான கிழிசல் என்று அணி அறிவித்தது. இது அதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. களைத்த கை எது என்ற கேள்வி விவாதத்தில் வரவே இல்லை என்கிறேன்.

நியூ ஜெர்சியில் விளையாட்டு பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று வரும் பிள்ளைகளில் பலருக்கு 11, 12 வயதுதான். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். “நல்லாத்தானே போட்டுக்கிட்டு இருந்தான்” என்பார் அப்பா. அது உண்மையாகவே இருக்கும். எதிரணியைத் திணறடிக்கும் பையனின் கையும் களைத்திருக்கலாம், ஸ்கோர்போர்டில் அது தெரியாது. அந்த வயதில் முழங்கையின் உள்புற எலும்பு முனை இன்னும் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டோடுதான் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு எறிதலும் அதைப் பிடித்து இழுக்கிறது. பெரியவர்களுக்குத் தசைநார் கிழியும், பிள்ளைகளுக்கு அந்தத் தட்டுதான் முதலில் விலகும்.

களைப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். எறியும்போது முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்கும். பந்துகள் வரிசையாக மேலே போகும். ஒவ்வொரு பந்துக்கும் முன் கையை உதறுவான், கூடுதல் நேரம் எடுப்பான். இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் எத்தனை பந்து என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், மாற்றச் சொல்லுங்கள்.

ஜப்பானில் ஒரு பயிற்சியாளர் இதைவிடக் கடினமான முடிவை எடுத்தார். 2019 ஜூலை, இவாத்தே மாகாணப் பள்ளி பேஸ்பால் இறுதி ஆட்டம். ஜெயித்தால் ஒஃபுனாடோ பள்ளி 35 வருடத்துக்குப் பிறகு கோஷியன் என்ற தேசியப் பள்ளிப் போட்டிக்குப் போகும். அந்தப் பள்ளியின் பிட்ச்சர், 17 வயது ரோக்கி சசாகி சில நாள் முன்பு ஒரே ஆட்டத்தில் 194 பந்துகளும், முந்தைய நாள் 129 பந்துகளும் எறிந்திருந்தார். பயிற்சியாளர் அவரைக் களமிறக்கவே இல்லை. அணி 12-2 எனத் தோற்றது, பள்ளிக்குக் கண்டன அழைப்புகள் குவிந்தன. 2022-இல் சசாகி 105 பந்துகளில் பெர்ஃபெக்ட் கேம் எறிந்தார், அதாவது எதிரணியில் ஒருவரையும் தளத்துக்கு வரவிடவில்லை. 2025-இல் அவருக்குத் தோளில் காயமும் வந்தது. ஒரு நாள் ஓய்வு ஆயுளுக்கும் காக்காது. ஆனாலும் அந்தத் தோல்விக்கு நான் அந்தப் பயிற்சியாளரைத்தான் பாராட்டுவேன்.

அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்படி 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துகள்தான் உச்சம். 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. அதே ஆட்டத்தில் கேட்சராகவும் நிற்கக் கூடாது. வருடத்தில் நான்கு மாதமாவது தலைக்கு மேல் கை வீசி எறியவே கூடாது. சிக்கல் எங்கே என்றால், பையன் இரண்டு அணிகளில் ஆடுவான். சனிக்கிழமைக் கோச்சுக்கு வெள்ளிக்கிழமைக் கணக்கு தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். தேதியையும் பந்துகளையும் போனில் குறித்துவைத்து, ஆட்டம் தொடங்கும் முன்பே கோச்சிடம் காட்டிவிடுங்கள்.