டாஷ்போர்டில் தெரியும் நூறு, பற்றரியின் நூறு அல்ல

பழைய மின்சாரக் கார் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, ஃபுல் சார்ஜ்ல எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். ஏற்றமும் இறக்கமுமான நம்ம மலையகத்தில், அட்டன், தலவாக்கலைப் பக்கம், இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் ஏற, அந்த உயரத்துக்கு மட்டுமே 4 யூனிட்டுக்கு மேல் செலவாகும். கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். பழைய நிசான் லீஃபின் பற்றரியோ புதிதிலேயே 24 யூனிட். கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா போனால் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள்.

அந்த 'ஃபுல்' எது என்பதைத் தீர்மானிப்பது மென்பொருள். பற்றரியின் மேலேயும் கீழேயும் ஒரு பங்கைக் கம்பனிகள் தொடவிடாமல் ஒதுக்கி வைக்கின்றன. செவர்லே வோல்ட் முதலில் வந்தபோது 16 யூனிட்டில் 10 சொச்சம்தான் பாவனைக்கு. டெஸ்லா 2016இல் 75 யூனிட் பற்றரியை மாட்டி, 60 என்று மென்பொருளால் பூட்டி விற்றது. மேலதிகமாகக் காசு கட்டினால் பூட்டு திறக்கும். 2017இல் இர்மா சூறாவளி வந்தபோது, ஃபுளோரிடாவில் இருந்த அப்படிப்பட்ட கார்களைக் கொஞ்ச நாளைக்குச் சும்மாவே திறந்துவிட்டார்கள்.

மேல் பக்கம் பூட்டுவது பற்றரிக்கு நல்லதுதான். லித்தியம் செல் முழுதாக நிரம்பி, சூட்டிலும் கிடந்தால் சீக்கிரம் தேயும். (இந்த விஷயத்தில் நம்ம குளிர் ஒரு கொடை.) ஆனால் தேய்வதை ஒதுக்கிய பங்கிலிருந்து மென்பொருள் ஈடுகட்டும் கார்களில், வருடக்கணக்காக ஒரு குறையும் தெரியாது. ஒதுக்கியது தீர்ந்ததும் தூரம் குறையத் தொடங்கும். அதற்குள் கார் இரண்டாம் கைக்கு வந்திருக்கும்.

நானுஓயாவிலிருந்து ஒருவர் வந்தார். இறக்கத்தில் கார் இழுத்துப் பிடிக்கவில்லையாம், பிரேக்கில் கருகிய வாடையாம். பழுது எதுவும் இல்லை. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, விடிந்ததும் நூறோடு கீழே இறங்கியிருக்கிறார். இறக்கத்தில் மோட்டார் மின்சாரம் உண்டாக்கித்தான் காரைத் தடுக்கிறது. நிரம்பிய பற்றரியில் அந்த மின்சாரத்துக்கு இடம் இல்லை, பாரம் முழுவதும் பிரேக் பேட் தலையில். மேல் பக்கம் பூட்டிய கார் என்றால் நூறு காட்டும்போதும் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கும். மற்றவர்கள், மேலே குடியிருந்தால், இறங்கும் நாளில் 80இல் சார்ஜை நிறுத்துங்கள். மிச்சத்தில் ஒரு பங்கை இறக்கமே தந்துவிடும்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? லீஃபில் பற்றரியின் நிலையைக் காட்ட 12 கட்டங்கள் உண்டு. சுமார் 15 சதவீதம் தேய்ந்த பிறகுதான் முதல் கட்டமே மறையும். போதாததற்கு, கணினியின் கணக்கை அழித்து 12 கட்டத்தையும் திரும்ப வரவைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஓட ஓட அது மறுபடி இறங்கும். அதனால் கட்டத்தை விடுங்கள். காரின் கணினியில் உள்ளதைப் போனுக்கு அனுப்பும் புளூடூத் ஓபிடி கருவியைச் செருகி, போனில் லீஃப் ஸ்பை செயலியைத் திறந்தால் 96 செல் சோடிகளின் வோல்ட்டேஜும் தனித்தனியாகத் தெரியும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். சார்ஜ் பாதிக்குக் கீழே வந்த பிறகு ஏற்றத்தில் ஓட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்க்கட்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒன்றிரண்டு சோடி மட்டும் தனியாகக் கீழே போனால், மற்ற சோடிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. "ஏத்தத்துல எதுக்கு, டவுனுக்குள்ள ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க" என்று விற்பவர் சொன்னால், வேறு கார் பாருங்கள்.