ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி

மருந்துக் கடையில் கரும்பச்சை மாத்திரையாகவும் பொடியாகவும் கிடைக்கும் ஸ்பைருலினாவைத் தமிழில் சுருள்பாசி என்கிறோம். இலத்தீனில் ‘ஸ்பைரா’ என்றால் சுருள். ‘ஸ்பைருலினா’ என்றால் சின்னச் சுருள். நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சை இழை ஸ்பிரிங் மாதிரி வளைந்து வளைந்து போகும்.

ஆனால் அறிவியல் கணக்கில் அந்த மாத்திரைக்குள் இருப்பது ஸ்பைருலினா இல்லை. இழையில் குறுக்குச் சுவர்கள் தெளிவாகத் தெரியும் வகைக்கு 1852இலேயே ஆர்த்ரோஸ்பைரா என்று தனிப்பெயர் இருந்தது. கிரேக்கத்தில் ‘ஆர்த்ரோன்’ என்றால் மூட்டு. 1932இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் கைட்லர், இரண்டும் சுருள்தானே என்று ஸ்பைருலினா என்ற ஒரே பேரினமாக (நெருங்கிய இனங்களின் தொகுப்பாக) சேர்த்துவிட்டார். அந்தப் பெயரே சந்தையிலும் ஒட்டிக்கொண்டது.

சுருளை நம்பி இனம் பிரிப்பது சிக்கல். ஆய்வகத்தில் வளர்க்கும்போது சில இழைகள் சுருள் அவிழ்ந்து நேராகிவிடும், உயிர் என்னவோ அதேதான். இங்கேதான் மரபணு வரிசை கைகொடுத்தது. எல்லா பாக்டீரியாவிலும் இருப்பது, மெதுவாக மாறுவது 16எஸ் ரைபோசோம் மரபணு. செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஒரு பாகத்துக்கான மரபணு அது. சுமார் 1,500 டிஎன்ஏ எழுத்து நீளம். அதைப் படித்து ஒப்பிட்டபோது ஸ்பைருலினாவும் ஆர்த்ரோஸ்பைராவும் நெருங்கிய உறவே இல்லை என்று உறுதியானது. அப்புறம் 2019இல் ஆர்த்ரோஸ்பைராவும் பிரிந்தது. உணவுக்காக வளர்க்கும் இனங்கள் லிம்னோஸ்பைரா என்ற புதுப் பேரினத்துக்குப் போயின. ‘லிம்னே’ என்றால் ஏரி. அவற்றில் ஒன்று லிம்னோஸ்பைரா இண்டிகா. 1992இல் இந்தியப் பாசி ஆய்வாளர்கள் தேசிகாச்சாரியும் ஜீஜி பாயும் ஆர்த்ரோஸ்பைரா இண்டிகா என்று பெயரிட்ட அதே இனம்.

சுருள்பாசியும் ஒரு பாக்டீரியாதான். பாக்டீரியாவைப் பாசி என்பது தப்பில்லையா? நீலப்பச்சைப்பாசி என்று படித்த கூட்டம் முழுவதுமே இன்று சயனோபாக்டீரியாதான், அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. என்றாலும் தமிழில் பாசி என்பது பசுமையிலிருந்து வந்த சொல், நிறத்தைச் சொல்வது. நீரில் பச்சையாகப் படர்ந்தால் பாசி. எந்த வம்சம் என்று அந்தச் சொல் கேட்டதில்லை. அதனால் சுருள்பாசியை மாற்ற வேண்டியதில்லை என்பது என் முடிவு. உணவைச் சொல்லும்போது சுருள்பாசி, பாடநூலில் பேரினத்தைக் குறிக்கும்போது லிம்னோஸ்பைரா என்று எழுதினால் போதும். பேரினப் பெயராக ஸ்பைருலினா என்று எழுதினால் அது வேறொரு உயிரைக் குறிக்கும்.