எங்கெல் விதியை எந்த எண்ணில் சோதிப்பது?

வருமானம் கூடினால் சாப்பாட்டுச் செலவும் கூடும். ஆனால் வருமானத்தில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும். 1857இல் இதைச் சொன்னவர் ஜெர்மன் அரசுகளில் ஒன்றான சாக்சனியின் புள்ளியியல் அலுவலகத்தை நடத்திய எர்ன்ஸ்ட் எங்கெல். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்கள் 235இன் அந்தக் காலத்துக் கணக்கு, ரிக்ரஷன் (தரவுக்குப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிக்கும் முறை) படிப்பவர்களின் கையில் இன்றும் புழங்குகிறது. அதற்குப் பொருந்தும் நேர்கோடு இது: உணவுச் செலவு = 147.5 + 0.485 × வருமானம். எல்லாம் ஆண்டுக்கு இத்தனை பிராங்க் என்ற கணக்கு.

கணினி தரும் முடிவில் பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது சாய்வை, அதாவது வருமானம் ஒரு பிராங்க் கூடினால் உணவுச் செலவு எவ்வளவு கூடும் என்று சொல்லும் 0.485ஐ. ‘உண்மையில் அது பூஜ்யம்தான்’ என்பது இன்மைக் கருதுகோள், அதாவது தரவை வைத்து வீழ்த்த முடிகிறதா என்று பார்க்கும் அனுமானம். சாய்வை அதன் திட்டப் பிழையான (வேறு குடும்பங்களை எடுத்திருந்தால் அது சுமாராக எவ்வளவு மாறியிருக்கும் என்ற அளவு) 0.014ஆல் வகுத்தால் 34க்குப் பக்கத்தில் வருகிறது. கருதுகோள் சரியென்றால் இந்த எண்ணின் அளவு, கூட்டல் குறியோ கழித்தல் குறியோ, 2ஐத் தாண்டுவதே நூற்றில் ஐந்து முறைதான். ஆகவே கருதுகோள் விழுகிறது. சரி, இதனால் என்ன தெரிந்தது? காசு இருப்பவர் சாப்பாட்டுக்குக் கூடுதலாகச் செலவழிக்கிறார் என்பது. அதை யாரும் மறுக்கவே இல்லையே!

எங்கெல் சொன்னது ஒளிந்திருப்பது 147.5இல். அது பூஜ்யமாக இருந்தால் ஏழைக்கும் வசதியானவருக்கும் உணவுப் பங்கு ஒரே 48.5 சதவீதம். பூஜ்யத்துக்கு மேல் இருப்பதால்தான் 500 பிராங்க் குடும்பத்துக்கு 78 சதவீதமும், 1500 பிராங்க் குடும்பத்துக்கு 58 சதவீதமும் வருகின்றன. இதன் திட்டப் பிழை 16, வகுத்தால் 9.2. சோதிக்க வேண்டிய கருதுகோள் இதுதான். கணினி இந்த எண்ணையும் அச்சிடுகிறது, ஆனால் பெரும்பாலானவர்கள் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. வழக்கமான திட்டப் பிழைச் சூத்திரம், புள்ளிகள் (ஒரு குடும்பத்துக்கு ஒரு புள்ளி) கோட்டைச் சுற்றி எங்கும் ஒரே அளவில் சிதறியிருப்பதாக எடுத்துக்கொள்கிறது. வறுமையில் இருப்பவருக்குத் தேர்வு கிடையாது. வயிற்றுக்குப் போகத்தான் மற்றது. அதனால் குறைந்த வருமானத்தில் புள்ளிகள் நெருங்கி நிற்கின்றன, வருமானம் ஏற ஏற விரிகின்றன. இப்படி விரியும் தரவுக்கும் பொருந்தும் திட்டப் பிழையைப் பொருளியலாளர் ஹால்பர்ட் வைட் 1980இல் கொடுத்தார்.

அதோடு, வருமானம் மிக அதிகமாக இருந்தும் உணவுக்குக் குறைவாகச் செலவழித்த இரண்டு குடும்பங்கள் கோட்டின் மேல்முனையைக் கீழே இழுக்கின்றன. அப்போது இடதுமுனை தூக்கிக்கொண்டு, மிக ஏழைக் குடும்பங்களின் புள்ளிகளுக்கெல்லாம் மேலே போய்விடுகிறது. 147.5இல் ஒரு பகுதி இப்படி வந்த வீக்கம். ரோஜர் கோங்கரும் கில்பர்ட் பாசெட்டும் 1978இல் முன்வைத்த முறையில், சராசரிக்குப் பதில் இடைநிலையை (பாதிப் பேர் மேலேயும் பாதிப் பேர் கீழேயும் இருக்கும் நடு மதிப்பை) பின்தொடரும் கோட்டைப் போட்டால், அந்த எண் 81.5க்கு இறங்குகிறது, சாய்வு 0.56 ஆகிறது. இந்த 81.5ஐ அதன் திட்டப் பிழையால் வகுத்தால் 5.6. எங்கெல் விதி இங்கேயும் நிற்கிறது. ஆனால் 500 பிராங்க் குடும்பத்துக்கு 72 சதவீதம், 1500க்கு 61. வித்தியாசம் 20இலிருந்து 11 சதவீதப் புள்ளியாகச் சுருங்கிவிட்டது.